மணலிக்கரையில் அவிழ்ந்த ஏட்டுக்கட்டு

தென்குமரி: பாட்டும் ஏடும் – 6

இதுவரை…

1630-களின் நடுப்பகுதி. மதுரைத் திருமலை நாயக்கரின் படை ராமப்பையன் தலைமையில் வேணாட்டுக்குள் புகுந்தது. நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் அதை எதிர்த்து நின்றவர் கேரளபுரத்து இரவிக்குட்டிப் பிள்ளை. தாயும் மனைவியும் கெட்ட கனாக் கண்டு தடுத்தும் அவர் நிற்கவில்லை. கூட இருந்த பிரதானிகளின் சூழ்ச்சியால் களத்தில் தனித்துவிடப்பட்டு வெட்டுண்டார். பகைவர் பாசறைக்குப் போன அவர் தலையைக் காளி நாயர் மீட்டுவந்தார் என்கிறது பாட்டு.

அந்தப் பாட்டு ஏட்டில் ஏறியது, வில்லிலும் ஏறியது. இரணியல், தக்கலை, கேரளபுரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டது. அதைச் சேர்த்து வைக்க அரசு எப்போதாவது முயன்றதா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

இந்த வாரம் அரசே ஏடு தேடி இந்த வட்டாரத்துக்கு வருகிறது.

★

1908: ஏடு தேடப் புறப்பட்டவர்

திருவிதாங்கூரை அப்போது ஆண்டவர் மூலம் திருநாள் ராமவர்மா. திருவனந்தபுரத்தில் பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பிப்பதற்கென்றே 1908-ல் ஒரு துறை அமைக்கப்பட்டது. அதன் தலைவராக வந்தவர் தி. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையின் தருவை என்ற ஊரில் 1860-ல் பிறந்து, திருவனந்தபுரம் சமஸ்கிருதக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர்.

அவருக்குத் தரப்பட்ட வேலை எளிதானதல்ல. ஏடுகள் நூலகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. மடங்களின் மரப்பெட்டிகளிலும், இல்லங்களின் மச்சிலும், சமையலறைப் புகை படும் பரண்களிலும் கிடந்தன. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. போக வேண்டும், கேட்க வேண்டும், கட்டை அவிழ்த்துப் படிக்க வேண்டும். பிறகு அதைக் கொடுங்கள் என்றோ, படியெடுக்க விடுங்கள் என்றோ மன்றாட வேண்டும்.

ஆனால் அவர் கையில் ஒரு வலு இருந்தது. பின்னால் அரசு இருந்தது. அதைவிட முக்கியமாக, கண்டெடுத்ததை உடனே உலகுக்குக் கொடுக்க ஓர் அச்சு வரிசை இருந்தது. அதுதான் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசை.

தேடுவது, காப்பது, பகிர்வது ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தது அப்போதுதான். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சில ஆண்டுகளுக்குள் உலகம் பார்த்தது.

★

கட்டு அவிழ்கிறது

பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை. இரணியலும் தக்கலையும் கேரளபுரமும் இருக்கும் அதே கல்குளம் பகுதி. வரலாற்றுக்கு அது புதிய பெயர் அல்ல. வேணாட்டு மன்னர் ரவி கேரளவர்மன் காலத்து 1235-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. விளைச்சல் பொய்த்தால் நிலவரியை எப்படிக் குறைப்பது என்று பேசும் கல்வெட்டு அது.

கல்லில் எழுதப்பட்டது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஓலையில் எழுதப்பட்டது பெட்டிக்குள் காத்திருந்தது.

1910-ஐ ஒட்டிய அந்தக் காலத்தில் கணபதி சாஸ்திரி மணலிக்கரை மடத்துக்கு வந்தார். அங்கிருந்த சுவடிகளில் ஒரு கட்டு அவர் கைக்கு வந்தது. பழைய மலையாள எழுத்து. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட ஏடுகள். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று அவர் கணித்தார்.

படிக்கப் படிக்க, நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முழுதாகப் பத்து நாடகங்கள். பதினோராவது தொடக்கத்தோடு நின்றிருந்தது. எந்த நாடகத்திலும் ஆசிரியர் பெயர் இல்லை.

பெயர் இல்லாத அந்த நாடகங்களில் ஒன்றின் தலைப்பு அவரை நிறுத்தியது. சுவப்பன வாசவதத்தம்.

சமஸ்கிருதம் படித்த எவரும் கேள்விப்பட்ட பெயர் அது, கண்டவர்தான் இல்லை. பாசன் என்ற பழைய நாடகாசிரியரின் படைப்பு என்று பின்வந்த நூல்கள் புகழ்ந்தன. காளிதாசனே தன் நாடகம் ஒன்றின் முன்னுரையில் பாசனை மூத்தவராக வைத்துப் பேசுகிறான். ஆனால் பாசனின் ஒரு நாடகமும் நூற்றாண்டுகளாக ஆய்வாளர் எவர் கையிலும் இல்லை.

புகழ் மட்டும் மிஞ்சி எழுத்து தொலைந்துபோன ஒரு பெருங்கவிஞன், கல்குளத்து மடம் ஒன்றில் ஓலையாக இருந்திருக்கிறான்!

பிற இடங்களில் கிடைத்த சுவடிகளையும் சேர்த்துப் பதின்மூன்று நாடகங்கள் என்று கணக்கானது. 1912 முதல் அவை அச்சேறின. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் விவாதம் மூண்டது. எல்லாமே பாசனுடையவைதாமா என்ற வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. வாதம் எப்படி முடிந்தாலும், நாடகங்கள் பிழைத்துவிட்டன.

அவற்றை வாழவைத்தது ஓலை மட்டும் அன்று. கேரளத்துச் சாக்கியார்கள் கோயில் கூத்தம்பலங்களில் இந்த நாடகங்களின் அங்கங்களைத் தலைமுறைகளாகக் கூடியாட்டத்தில் நடித்து வந்தார்கள். அந்தக் கூடியாட்டத்தை 2001-ல் யுனெஸ்கோ மானுடத்தின் அரிய மரபாக அறிவித்தது. ஏடும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன.

★

பக்கத்து வீட்டுப் பரண்

இங்கே சற்று நிற்க வேண்டும்.

பாச நாடகங்களில் ஒன்று ஊருபங்கம். தொடை முறிந்து துரியோதனன் சாகும் கதை. நாடக இலக்கணங்கள் மேடையில் சாவைக் காட்டாதே என்கின்றன. இந்த நாடகமோ அவனை மேடையிலேயே சாகவிடுகிறது. தோற்றவன் பக்கம் நின்று அழுகிறது.

இப்போது இரவிக்குட்டிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தோற்ற படையின் தலைவன். வென்ற நாயக்கரைப் பாட்டு கொண்டாடவில்லை, வெட்டுண்டவனை ஊர் கொண்டாடியது. தோற்றவனின் சாவை நடுவில் வைத்துக் கதை சொல்லும் துணிவு ஊருபங்கத்திலும் இருக்கிறது, நம் கதைப்பாடலிலும் இருக்கிறது. இரண்டும் சில மைல் வட்டத்துக்குள் ஓலையில் கிடந்தன.

ஒரு கட்டு அவிழ்க்கப்பட்டது. இன்னொரு கட்டை அரசு தேடவில்லை.

ஏன்?

முதல் காரணம், துறையின் நோக்கம். அது சமஸ்கிருத நூல்களைத் தேடிப் போனது. தேடப் போனவர் தமக்கு இடப்பட்ட வேலையை மகத்தாகச் செய்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, இடப்பட்ட வேலையின் எல்லையில் இருந்தது.

இரண்டாவது காரணம், இந்தப் பாடல்களின் மொழி. தமிழும் மலையாளமும் கலந்து, வேணாட்டு வழக்கில் ஓடும் மொழி அது. மலையாள இலக்கிய வரலாறு அவற்றைத் தெற்கன் பாட்டுகள் என்று சேர்த்துக்கொண்டது. தமிழ் தன் கதைப்பாடல் என்று சொல்லிக்கொண்டது. உரிமை கொண்டாட இருவர் இருந்தும், தேடிச் சேர்ப்பது நெடுங்காலம் எவருக்கும் முதல் வேலையாக இருக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் ஆழமானது. இந்தப் பாடல்கள் யாருடைய வீட்டில் இருந்தன? புலவர்களின் வீட்டில், வில்லுப்பாட்டு நடத்தும் அண்ணாவிகளின் வீட்டில், சுடலைக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை கொடுக்கும் குடும்பங்களில். தோளில் துணி போடும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மக்கள் வாழ்ந்த மண் இது. அந்த மக்களின் சாமியைப் பாடும் ஓலையை இலக்கியம் என்று எண்ண, அன்றைய அரசவைக்குக் கண் இல்லை.

★

தேரூர்க்காரர்

இதே காலத்தில், அரசாணை எதுவும் இல்லாமல், பள்ளி ஆசிரியர் ஒருவர் நாஞ்சில் நாட்டில் ஏடும் கல்வெட்டும் தேடிக்கொண்டிருந்தார். 1876-ல் தேரூரில் பிறந்த தேசிக விநாயகம் பிள்ளை. நாம் கவிமணி என்று கொண்டாடுகிறவர்.

அவரைக் குழந்தைப் பாடல்களோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். சுவடிகளைச் சேர்ப்பதில் அவர் காட்டிய உழைப்பு அதற்குக் குறைந்ததல்ல. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைப் படித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அரச கட்டளை, வரி, நில உரிமை, ஊர்க்கூட்டத்து முடிவு என்று நாஞ்சில் நாட்டு மக்கள் வாழ்ந்த வாழ்க்கை அந்த ஓலைகளில் இருந்தது. அரண்மனையைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றுக்கு நடுவே, ஊர் தன்னைப் பற்றி எழுதி வைத்த வரலாறு அது.

கவிமணி இன்னொன்றையும் செய்தார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்ற நெடும்பாட்டை எழுதி, தமிழன் என்ற இதழில் 1917, 1918-ல் தொடராக வெளியிட்டார். நாஞ்சில் நாட்டு வீட்டுப் பேச்சே அதன் நடை. சொத்து மருமக்களுக்கே போகும் மருமக்கள் வழியில் அதை இழந்து தவித்த மனைவி மக்களின் குரலே அதன் பொருள். ஊர் வாய்விட்டுப் படித்தது. மருமக்கள் வழியை மாற்றும் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-ல் வந்தது.

ஊர்ப் பேச்சில் எழுந்த பாட்டு அச்சேறி மீண்டும் ஊர் கைக்கே வந்தபோது அதற்கு என்ன வலிமை கிடைத்தது என்பதற்கு இது சான்று. கணபதி சாஸ்திரி கண்டதை உலகுக்குக் கொடுத்தார். கவிமணி கண்டதை ஊருக்குக் கொடுத்தார்.

★

ஊரே வைத்திருந்த காப்பகம்

அப்படியானால் அரசு தேடாத அந்தப் பாடல்கள் எப்படி இத்தனை காலம் பிழைத்தன?

இந்தத் தொடரின் மையமே இந்தக் கேள்விதான். விடையை இரணியலைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

தக்கலையில் பீர் முகமது அப்பா தர்கா. அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் விழா இரவில் ஊர் கூடிப் பாடுகிறது. நூல் அலமாரியில் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அடுத்த ஆண்டு பாட ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. இருக்கும்படி ஊர் பார்த்துக்கொள்கிறது.

கிழக்கே சாமித்தோப்பு. 1841-ல் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை முதன்முதலில் அச்சானது 1939-ல். இடையில் கிட்டத்தட்ட நூறாண்டு. அந்த நூறாண்டும் அது ஓலையிலும் வாயிலும் வாழ்ந்தது. கார்த்திகை மாதத்தில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் ஊர் முழுவதும்.

மூன்றாவது, ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழா.

வில்லுப்பாட்டுக் கொடையைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். நடுவில் வில். வலத்தே அண்ணாவி, இடத்தே ஏற்றுப் பாடுகிறவர். குடம், உடுக்கை, தாளம், கட்டை. வீசுகோல் நாணில் விழ மணிகள் குலுங்கும். காப்பில் தொடங்கி, வருபொருள் உரைத்து, குருவடி பாடி, நாட்டு வளம் சொல்லி, கதைக்குள் போய், வாழியில் முடியும்.

கதைகள் இரண்டு பெரும் வகை. ஒன்று, சாஸ்தாவைப் போலத் தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை. மற்றது, மனிதராகப் பிறந்து அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதை. இரண்டாம் வகைத் தெய்வங்களை இறந்துபட்ட வாதை என்பார்கள்.

கதை அந்த வாதையின் சாவை நெருங்கும்போது பாட்டின் நடை மாறும். தாளம் இறுகும். உடுக்கை முன்னால் வரும். கூட்டத்தில் நிற்கும், சாமியாடும் கோமரத்தாடியின் உடல் நடுங்கத் தொடங்கும். வெட்டு விழும் அந்த இடத்தில் சாமி வரும். அருள் வந்தவரின் வேகம் பார்த்து அண்ணாவி வரியைத் திரும்பப் பாடுவார், நீட்டுவார், நிறுத்துவார்.

ஓர் எழுத்து மாறினாலும் கேட்கும் கிழவர் சொல்லிவிடுவார், “அண்ணாவி, அது அப்படி இல்ல கேட்டியா” என்று. கதை ஊருக்குச் சொந்தம். பாடுகிறவர் அதற்குப் பொறுப்பாளி, அவ்வளவுதான்.

ஏடு அண்ணாவியின் வீட்டில், நினைவு ஊரின் காதில், பாட்டு கோயில் முற்றத்தில். இந்த மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றுகூடின. கறையான் ஏட்டைத் தின்றால் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம். நினைவு தடுமாறினால் ஏட்டைப் பார்த்துக்கொள்ளலாம். காப்பதும் பகிர்வதும் இங்கே இரண்டு வேலையாக இருக்கவில்லை. பகிர்ந்ததால்தான் காக்கப்பட்டது.

★

1956: கோடு விழுகிறது

அந்த ஒழுங்கு ஆட்டம் காணத் தொடங்கிய காலத்துக்கு இப்போது வருகிறோம்.

மார்ஷல் நேசமணி தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் நடத்திய போராட்டம் 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் சேர்ந்தன. மக்கள் கேட்டுப் பெற்ற நியாயமான முடிவு அது.

ஆனால் மண் வந்த வேகத்தில் காகிதம் வரவில்லை.

நூற்றாண்டுகளாக இந்த மண்ணை ஆண்டவர்களின் ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் இருந்தன. கணபதி சாஸ்திரி தொடங்கி வைத்த சுவடிச் செல்வம் அங்கே பல்கலைக்கழகச் சுவடி நூலகமாக வளர்ந்திருந்தது. அவை அங்கேயே நின்றன. இரணியலின் பழங்கதையைத் தேடுகிற மாணவர் மாநில எல்லையைத் தாண்டவும் வேண்டும், மலையாள எழுத்துப் படிக்கவும் வேண்டும் என்றானது.

மறுபக்கம் தமிழ்நாட்டில் நாட்டுப்பாடல் தொகுப்பு வேலை அப்போது சூடுபிடித்திருந்தது. மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943-லேயே வந்துவிட்டது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, ‘மலையருவி’ என்று தஞ்சை சரசுவதி மகால் 1958-ல் வெளியிட்டது. இவை சென்னை மாகாணத்தின் உழைப்பில் விளைந்தவை. குமரியோ அந்தக் காலமெல்லாம் வேறொரு சமஸ்தானத்தில் இருந்தது.

இரண்டு அரண்மனைகளைப் பார்த்தால் இந்தப் பிரிவின் விளைவு கண்ணுக்கே தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசு. மக்கள் பார்வைக்குத் திறந்து, பார்வையாளர் நடமாட்டத்தோடு, மரவேலைப்பாடு மங்காமல் அது நிற்கிறது.

இரணியல் அரண்மனை அதைவிடப் பழைய நினைவுகளைச் சுமப்பது. வேணாட்டு அரசர்கள் பத்மநாபபுரத்துக்குப் போகும் முன் இங்கே இருந்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. படிப்புரை, குதிரமாளிகை, வசந்த மண்டபம் என்று மூன்று பகுதிகள். வசந்த மண்டபத்தில் அரசர் படுத்ததாகச் சொல்லப்படும் கல் கட்டில். தொட்டுப் பார்க்கும் தொலைவில் இத்தனை வரலாறு இருந்தும், மாளிகை பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கூரை இடிந்து, செடி முளைத்துக் கிடந்தது.

மக்கள் நுழைந்த கட்டடம் பிழைத்தது. கதவு மூடிய கட்டடம் சிதைந்தது. பாட்டுக்கும் இதுவே விதி.

★

நெல்லையிலிருந்து ஒரு குரல்

கோடு விழுந்து பத்தாண்டுக்குப் பிறகு காற்று திரும்பியது.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969-ல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர்களும் ஓர் அறையில் கூடி நாட்டார் பாடலைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள், வாதிட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை என்று அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

கதைப்பாடல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. மணலிக்கரையில் நாடக ஏட்டுக்குக் கிடைத்த மரியாதை, அறுபது ஆண்டு தாமதமாக, பாட்டு ஏட்டுக்குக் கிடைத்தது.

பிறகு வேலை நெல்லையிலும் குமரியிலும் வேர் பிடித்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து நாட்டார் வழக்காற்றியலைத் தனிப் படிப்பாக வளர்த்தார். பறக்கையைச் சேர்ந்த பேராசிரியர் அ.கா. பெருமாள் ஆரல்வாய்மொழிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே ஊர் ஊராகச் சென்று வில்லும் கணியான் கூத்தும் தோல்பாவைக் கூத்தும் தேடிப் பதிவு செய்தார். கவிமணி தொட்ட முதலியார் ஓலைகளை நூலாக்கித் தந்தவரும் அவரே.

எல்லாம் நல்லதுதான். ஆயினும் ஒன்று இன்னும் பிடிபடவில்லை.

அச்சில் வந்த கதைப்பாடலை எடுத்துப் படித்துப் பாருங்கள். வரி இருக்கும், குடத்தின் ஒலி இருக்காது. சாவு இருக்கும், சாவை நெருங்கும்போது அண்ணாவி எந்த வரியை எத்தனை முறை திருப்பினார் என்பது இருக்காது. கேட்டவர் ‘ஆமா’ போட்ட இடம் இருக்காது. கோமரத்தாடிக்கு எந்தச் சொல்லில் அருள் வந்தது என்பது இருக்கவே இருக்காது. ஏடு காப்பாற்றியது கதையின் எலும்பை. உயிர் கொடை முற்றத்தில் இருந்தது.

★

ஒலிநாடா வருகிறது

1970-களின் பிற்பகுதி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் குமரி மாவட்டத்துக்கு வந்து தங்கினார். தமிழ் கற்றவர். அவர் ஏடு தேடி வரவில்லை. கொடை இரவைத் தேடி வந்தார்.

கோயில் முற்றத்தில் வில்லுக்கு அருகே உட்கார்ந்தார். பாடப்பட்டதைப் பாடப்பட்டபடியே பதிந்தார். அந்தக் களப்பணியிலிருந்து பிறந்த ஆங்கில நூல் 1988-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்பது அதன் தலைப்பின் பொருள்.

அவர் கண்டு சொன்ன உண்மை ஒன்று உலகெங்கும் நாட்டார் ஆய்வைத் தொட்டது. தெய்வம் வானத்திலிருந்து இறங்கி வருவதாகவே பெரிய சமய நூல்கள் சொல்கின்றன. இந்த மண்ணில் தெய்வம் பெரும்பாலும் வெட்டுண்ட மனிதரிலிருந்து எழுகிறது. சாவே தெய்வத்தின் தொடக்கம். பாட்டு சாவில் வந்து கனப்பதும், அங்கேயே அருள் வருவதும் அதனால்தான்.

இது இரணியல் பக்கத்துக் கிழவிக்குத் தெரியாத செய்தி அல்ல. அவள் அறிந்ததை உலகம் அறியும் சொல்லாக்கியதுதான் அந்த ஆய்வின் பெருமை.

ஏடு வரியைக் காத்தது, நாடா குரலைக் காத்தது. ஓர் அண்ணாவியின் குரல், அவர் போன பிறகும் இருக்கும் என்றானது.

ஆனால் எங்கே இருக்கும்?

அதே காலத்தில் உலகம் முழுவதும் இந்தக் கேள்வி எழுந்தது. டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938-ல் தென்னிந்தியாவில் ஒலியும் படமுமாகப் பதிந்து சென்றிருந்தார். 1984-ல் நசீர் ஜைராஸ்போயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடக ஊர்களுக்குத் திரும்பி வந்தார்கள். நாற்பத்தாறு ஆண்டுக்கு முன் பாடியவர்களின் பாட்டை அவர்கள் மண்ணிலேயே கேட்க வைத்தார்கள். வெளிநாடுகளில் தங்கிவிட்ட இந்தியப் பதிவுகளின் படிகளைத் திருப்பிக் கொண்டுவருவதையே நோக்கமாகக் கொண்டு, அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982-ல் ஓர் இசைக் காப்பகத்தை இந்தியாவில் அமைத்தது.

ஏடு போன வழியிலேயே குரலும் போய்விடக் கூடாது என்பதை உலகம் உணரத் தொடங்கியிருந்தது.

★

மணலிக்கரை நமக்குச் சொல்வது என்ன?

பெட்டிக்குள் இருந்த கட்டை அவிழ்த்ததால் பாசன் பிழைத்தான். அவிழ்த்ததோடு நிற்காமல் அச்சிட்டுக் கொடுத்ததால் நிலைத்தான். ஞானப்புகழ்ச்சியும் அகிலத்திரட்டும் பெட்டிக்குள் போகாமலே நிலைத்தன, ஊர் ஆண்டுதோறும் பாடியதால். இரவிக்குட்டிப் பிள்ளைக்கும் இறந்துபட்ட வாதைகளுக்கும் தேவை இரண்டுமே. கறையானிடமிருந்து காக்கக் காப்பகம் வேண்டும். மறதியிடமிருந்து காக்க முற்றம் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட இடத்தில் எல்லாம் நாம் இழந்திருக்கிறோம். எனவே, குமரியின் பாட்டைப் பதிந்து வைத்திருக்கும் எந்தக் காப்பகமும் அதன் ஒரு படியைப் பாடிய ஊருக்குத் திருப்பித் தந்தால்தான் தன் வேலையை முடித்ததாகும்.

இந்தத் தொடரைப் படிக்கும் குமரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டோ, தாத்தா கைப்பட எழுதிய கதைப்பாட்டு நோட்டோ, கொடையில் பதிந்த பழைய ஒலிநாடாவோ இருந்தால் குப்பையோடு தள்ளிவிடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறையில் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். அடுத்த கொடையில் அதைப் பாடச் சொல்லுங்கள்.

1984 அக்டோபர் 30. பாக்கேயின் பதிவுகள் ஊர் திரும்பிய அதே ஆண்டு. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் டெல்லியிலோ சென்னையிலோ அல்ல, நாகர்கோவிலில் தொடங்கியது. ஊர்க் குரலை ஊருக்கே ஒலிபரப்பும் கருவி முதன்முதலாக இந்த மண்ணுக்கு வந்தது.

இராப்பொழுதெல்லாம் நீளும் கொடைப் பாட்டு, அரைமணி நேர நிகழ்ச்சிக்குள் எப்படி அடங்கும்? சாமி வரும் இடத்தை வானொலி என்ன செய்யும்? வானலையில் போன வில், ஊர் முற்றத்துக்குத் திரும்பி வந்ததா?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)